புதன்கிழமை இரவு 11:59: ஒரு கணக்கு டீச்சர் பைதான் படித்த கதை

இந்தப் பாடத்தை நான் தேடிப்போய்ச் சேரவில்லை. மகனின் லேப்டாப்பிலிருந்து என்னிடம் ஒட்டிக்கொண்டது.

அவன் மதுரைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. ஜனவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை அருப்புக்கோட்டை வீட்டுக்கு வந்திருந்தான். லேப்டாப்பில் ஒரு வீடியோவை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, கையில் இருந்த போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த நான்தான் லேப்டாப்பைப் பார்த்தேன். திரையில் ஆரஞ்சு நிறப் பூனை ஒன்று. வண்ணக் கட்டைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டினால் பூனை நடக்கிறது, திரும்புகிறது.

"டேய், இது என்னடா?"

"என்பிடெல்மா, ஆன்லைன் கோர்ஸ். காலேஜ்ல எல்லாரும் சேரணும்னுட்டாங்க. டிகிரிக்குக் கிரெடிட் வரும்."

"பூனை எப்படி நடக்குது?"

"அது ஸ்கிராட்ச். சின்னப்பிள்ளைங்க சமாச்சாரம்."

"கொஞ்சம் மெதுவா ஓடவிடு."

அன்று சாயங்காலமே என் பெயரிலும் ஒரு கணக்குத் தொடங்கச் சொன்னேன். சேர்வதற்கான கடைசித் தேதிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. எனக்கு வயது 47. உதவிபெறும் பள்ளி ஒன்றில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். கம்ப்யூட்டரில் அதுவரை நான் செய்தது மதிப்பெண் பட்டியல் ஏற்றுவதும் வருகைப்பதிவும்தான்.

பாடத்தின் பெயர் 'த ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங் யூசிங் பைதான்'. பைதான் என்ற கணினி மொழியில் நிரல் (புரோகிராம்) எழுதச் சொல்லித்தருவது. நடத்துபவர் பஞ்சாபில் இருக்கும் ஐஐடி ரோபரின் பேராசிரியர் சுதர்சன் ஐயங்கார். 12 வாரம். என்பிடெல்லை 2003ல் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து தொடங்கின. ஆரம்பத்தில் வீடியோவும் பாடக்குறிப்பும் மட்டும். 2014 வாக்கில்தான் வாராந்தரக் கேள்விகள், நேரில் போய் எழுதும் தேர்வு, சான்றிதழ் எல்லாம் வந்தன. இப்போது ஒன்றிய அரசின் ஸ்வயம் தளத்துக்குள் இருக்கிறது. படிக்கக் காசு கிடையாது. தேர்வு எழுத நினைத்தால் மட்டும் 1,000 ரூபாய்.

இலவசம் என்றதும் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. காரணம் இருக்கிறது.

எங்கள் வீட்டு அலமாரியில் பழைய ஆல்பங்களுக்கு அடியில் ஒரு டேப்லெட் தூங்குகிறது. ஊரடங்குக் காலம், மகன் ஒன்பதாம் வகுப்பு. ஒரு தனியார் கற்றல் செயலியின் ஆள் வீட்டுக்கே வந்துவிட்டார். பெயர் வேண்டாம். பையனைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டார். நாலுக்கும் தப்பாகப் பதில் வரும்படியான கேள்விகள் என்பது கணக்கு டீச்சரான எனக்கே பிறகுதான் உறைத்தது. "மேடம், அடிப்படை வீக்கா இருக்கு" என்றார். எங்க வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. 38,000 ரூபாய், 18 தவணை. செயலி பார்க்க அவ்வளவு அழகு. தொட்டால் திறக்கும், பறக்கும், பாட்டுப் பாடும். சரியான விடைக்குத் தங்க நாணயம். நாணயம் சேர்ந்தால் உள்ளே இருக்கும் பொம்மைக்குத் தொப்பி வாங்கலாம். மூன்று வாரம் வெறியாக நாணயம் சேர்த்தான். தொப்பியெல்லாம் வாங்கி முடிந்ததும் மூடி வைத்தான். தவணை மட்டும் அதற்குப் பிறகும் ஒன்றே கால் வருடத்துக்கு மேல் ஓடியது.

எம்.எட். படித்தபோது 1971ல் எட்வர்ட் டெசி செய்த சோதனையைத் தேர்வுக்காக நெட்டுரு போட்டிருக்கிறேன். கல்லூரி மாணவர்களிடம் புதிர்க் கட்டைகளைக் கொடுத்து, ஒரு கூட்டத்துக்கு மட்டும் விடைக்குக் காசு கொடுத்தார். காசு நின்றதும் அந்தக் கூட்டத்துக்குக் கட்டைகளின் மேல் இருந்த ஆசையும் குறைந்துவிட்டது. தேர்வில் பத்து மார்க் வாங்கித் தந்த விஷயம். என் வீட்டுக் கூடத்தில் அதே சோதனை 38,000 ரூபாய் செலவில் நடந்தபோது எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

என்பிடெல்லில் நாணயம், தொப்பி எதுவும் கிடையாது. தளத்தின் தோற்றம் அரசு அலுவலக அறிவிப்புப் பலகை மாதிரி. இடப்பக்கம் வாரம் ஒன்று, வாரம் இரண்டு என்று ஒரு பட்டியல், திறந்தால் வீடியோ, வாரக் கடைசியில் கேள்விகள். அவ்வளவுதான். கூடவே ஒரு தேதி. எனக்கு வேண்டியிருந்தது அந்தத் தேதிதான் என்று அப்போது தெரியாது.

வீடியோக்கள் சின்னச் சின்னதாக வெட்டியவை. ஒரு குக்கர் சோறு இறங்குவதற்குள் ஒன்று முடிந்துவிடும். ஐயங்கார் பேசுவது பாடம் எடுப்பது மாதிரி இருக்காது. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் கதை சொல்வது மாதிரி இருக்கும். ஒரு விளையாட்டையோ புதிரையோ முதலில் போடுவார். அதில் நாம் மாட்டிக்கொண்ட பிறகுதான் நிரல் வரும். நடுநடுவே அவருடைய மாணவர்கள் வந்து திரையில் எழுதிக் காட்டுவார்கள். ஆங்கிலம் எளியதுதான், ஆனாலும் முதல் இரண்டு வாரம் நான் முக்கால் வேகத்தில்தான் கேட்டேன். மகன் இரட்டை வேகம், நான் முக்கால். ஒரே வீட்டில் ஒரே பாடம்.

மூன்றாம் வாரம் சறுக்கியது. பூனை போய்ப் பைதான் வந்துவிட்டது. அனகோண்டா என்ற மென்பொருள் பொதியை இறக்கி நிறுவச் சொன்னார்கள். பெயரே பாம்பு, அளவு அரை ஜிபிக்கு மேல். என் பழைய லேப்டாப் அதை விழுங்க முடியாமல் திணறியது. பஜாரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பழைய மாணவனிடம் தூக்கிக்கொண்டு போனேன். எட்டாம் வகுப்பில் என்னிடம் பின்னம் தெரியாமல் அடி வாங்கியவன். (அப்போதெல்லாம் அடிப்போம். இப்போது இல்லை.) "டீச்சர், உங்களுக்கு எதுக்கு டீச்சர் இதெல்லாம்?" என்று சிரித்துக்கொண்டே நிறுவிக் கொடுத்தான். காசு வாங்க மறுத்துவிட்டான். அதற்குப் பிறகு எங்கே சிக்கினாலும் அவனுக்குத்தான் வாட்ஸப் குரல்பதிவு. பாடத்தின் கேள்வி-பதில் பகுதியிலும் ஒருமுறை தயங்கித் தயங்கி எழுதினேன். உதவி ஆசிரியர் ஒருவர் பதில் போட்டிருந்தார். ஆனால் "டீச்சர், அந்த மூணாவது வரியில இடம் விடலை பாருங்க" என்று பழகிய குரலில் கேட்பது வேறு.

அந்த இடம் விடும் சமாச்சாரம் என்னை வாரக்கணக்கில் ஆட்டிப்படைத்தது. பைதானில் வரிக்கு முன்னால் விடும் வெற்றிடத்துக்கும் பொருள் உண்டு. நிபந்தனைக்குக் கீழே வரும் வரி உள்ளே தள்ளி நிற்க வேண்டும். ஒரு இடம் கூடினாலும் குறைந்தாலும் 'இண்டென்டேஷன் எரர்' என்று முகத்திலடித்த மாதிரி சிவப்பில் வரும். வகுப்பில் சமக்குறிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக நேராக எழுதாத பிள்ளைகளுக்கு அரை மார்க் குறைக்கிறவள் நான். அந்தப் பாவமெல்லாம் ஒரே மாதத்தில் கழிந்தது.

எம்.எட்.டில் படித்த இன்னொரு பெயரும் அப்போது நினைவுக்கு வந்தது. ஃபிரெட் டேவிஸ். புதிய தொழில்நுட்பம் ஒன்றை ஒருவர் ஏற்றுக்கொள்வாரா என்பது இரண்டு எண்ணங்களைப் பொறுத்தது என்று 1989ல் எழுதினார். இது எனக்குப் பயன்படும் என்ற எண்ணம் ஒன்று, இதைச் சிரமமில்லாமல் கையாளலாம் என்ற எண்ணம் மற்றொன்று. இரண்டில் பயன் என்பதுதான் அதிக எடை கொண்டது, எளிமை அதற்குப் பின்னால்தான் என்பதும் அவருடைய ஆய்வில் வந்தது. எங்கள் வீட்டில் நிலைமை அப்படியேதான் இருந்தது. மகனுக்கு எல்லாம் எளிது, ஆனால் எதற்கென்று தெரியவில்லை. எனக்கு எல்லாம் கஷ்டம், எதற்கென்று மட்டும் தெரிந்துவிட்டது.

அது தெரிந்தது ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில்.

பாடத்தில் ஒரு பகுதி: ஜாடி நிறைய மிட்டாய். எத்தனை இருக்கும் என்று பலரிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவர் சொல்வதும் தாறுமாறாக இருக்கும், ஆனால் சராசரி எடுத்தால் உண்மைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதை நிரலாக எழுதிக் காட்டுவார்கள். பார்த்த மறுநாள் வீட்டுப் புளியங்கொட்டையை எண்ணி, 612, பாட்டிலில் போட்டு ஒன்பதாம் வகுப்புக்குக் கொண்டுபோனேன். 40 பிள்ளைகள். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. 90லிருந்து ஆரம்பித்தது. கடைசி பெஞ்சில் ஒருவன் பத்தாயிரம் என்று எழுதியிருந்தான். கூட்டி வகுத்தால் 860ஐத் தாண்டிவிட்டது. மானம் போச்சு என்று நினைத்தேன். அப்புறம்தான் வீடியோவில் சொன்னது ஞாபகம் வந்தது. மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் வெட்டிவிட்டுச் சராசரி எடுக்க வேண்டும். மேலே நாலு, கீழே நாலு சீட்டை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டோம். 590 வந்தது. பாட்டிலைக் கவிழ்த்து எண்ணினார்கள், வகுப்பு முழுக்கத் தரையில். 612 என்று வந்ததும் எழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு சோசியல் டீச்சர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பத்தாயிரம் எழுதியவன் கை தூக்கினான். "டீச்சர், என்னைய வெட்டினதுக்கு என்ன காரணம்?" இருபது வருடமாகச் சராசரி நடத்துகிறேன். ஒரு எண்ணை ஏன் விலக்கலாம், எப்போது விலக்கக்கூடாது என்று எந்தப் பிள்ளையும் அதுவரை கேட்டதில்லை. நாற்பது நிமிடப் பீரியட் அந்தக் கேள்வியிலேயே முடிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் எனக்கு ஒரு சுயநலம் வந்துவிட்டது: இதில் வகுப்புக்கு எது கிடைக்கும்? மூன்று கதவுப் புதிர் வந்த வாரம் மூன்று எவர்சில்வர் டம்ளரும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் எடுத்துப்போனேன். ஒன்றுக்கு அடியில் மட்டும் மிட்டாய். ஒரு டம்ளரைத் தேர்ந்தெடு, காலியான இன்னொன்றை நான் திறந்து காட்டுவேன், இப்போது மாற்றிக்கொள்வாயா? மாற்றுகிறவர்கள் மூன்றில் இரண்டு தடவை ஜெயிப்பார்கள் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. முதல் மிட்டாய்ப் பாக்கெட் தீர்ந்தபோது பாதிப் பேர் நம்பினார்கள். நிரலில் ஆயிரம் தடவை ஓட்டிக் காட்டியபோது மீதிப் பேர். பரமபதம் வந்தது, பெண்பிள்ளைகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒளித்துப் போடும் ஃபிளேம்ஸ்கூட வந்தது. அதை மட்டும் வகுப்பில் நான் சொல்லவில்லை.

பாடத்தில் வந்த பிறந்தநாள் கணக்கு மட்டும் எங்கள் ஊரில் வேறு மாதிரி. 23 பேர் கூடினால் அதில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்க ஏறக்குறையப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 40 பேர் என்றால் நூற்றுக்கு 89. வருகைப்பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். என் வகுப்பில் இரண்டு ஜோடி. பக்கத்திலேயே எங்கள் பள்ளியின் பழைய பதிவேடும் இருந்தது, நாற்பது வருடத்துக்கு முந்தையது. அதில் மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள் கொத்துக் கொத்தாக. பள்ளியில் சேர்க்கும்போது ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டுமே என்று தலைமையாசிரியரும் அப்பாவும் சேர்ந்து பெற்றெடுத்த பிறந்தநாட்கள். சான்றிதழில் என்னுடையதும் ஜூன் முதல் தேதிதான். சூத்திரம் எல்லா நாளும் சம வாய்ப்பு என்று எடுத்துக்கொள்கிறது. எங்கள் பதிவேடு அப்படி இல்லை.

மகன் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவனுடைய கல்லூரியில் என்பிடெல்லுக்கென்று ஒரு ஒருங்கிணைப்பாளர் உண்டு. பட்டியல் போட்டு, இன்னின்னார் சேர்ந்தாயிற்றா என்று டிக் அடிப்பார். பல்கலைக்கழக மானியக் குழு 2016ல் ஒரு பருவத்துப் பாடங்களில் 20 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்றது. 2021ல் அதை 40 ஆக்கியது. நல்ல எண்ணம்தான். ஊர்க் கல்லூரிப் பையனுக்கும் ஐஐடி வாத்தியார் கிடைக்கிறார். ஆனால் அவன் இந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, பாடம்தான் அவனைத் தேர்ந்தெடுத்தது. வாராந்தரக் கேள்விகளின் விடைகள் ஏதோ ஒரு குழுவில் செவ்வாய்க்கிழமையே வந்துவிடும். பத்து நிமிடத்தில் டிக் அடித்துவிட்டுத் தூங்கிவிடுவான். "எனக்கும் அனுப்புடா" என்று ஆறாம் வாரம் நானே கேட்டுவிட்டேன். பள்ளியில் திருப்புதல் தேர்வு, ஒரு கட்டு விடைத்தாள், கேள்விகளோ கடினம். "நீ எதுக்கும்மா காப்பி அடிக்கணும்? உனக்குத்தான் கிரெடிட்டே இல்லையே" என்றான். நியாயமான கேள்வி. அனுப்பாமலே விட்டான்.

அந்த வாரம்தான் நான் விட்டுவிட இருந்தேன். இப்படிப்பட்ட பாடங்களில் சேர்கிறவர்களில் பெரும்பாலோர் முடிப்பதில்லை என்று படித்திருந்தேன். நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகப் போகலாம், ஒன்றும் குடி முழுகிவிடாது என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை இரவு. கெடு 11:59. பத்தே முக்காலுக்குக் கரண்ட் போனது. லேப்டாப்பில் சார்ஜ் இல்லை. சரி, விதி என்று பாயை விரித்தேன். தூக்கம் வரவில்லை. பதினொன்று இருபதுக்கு எழுந்து போனில் தளத்தைத் திறந்தேன். சின்னத் திரையில் நிரலைப் படிக்க முடியாமல் ஒரு தாளில் கையால் எழுதி, ஒவ்வொரு சுற்றிலும் மாறியின் மதிப்பு என்னவாகும் என்று அட்டவணை போட்டேன். டார்ச்சைப் பிடித்துக்கொண்டது எங்க வீட்டுக்காரர். 11:52க்குச் சமர்ப்பித்தேன். பத்தில் ஏழு சரி. நிரல் எப்படி ஓடுகிறது என்று எனக்கு உண்மையாகப் புரிந்தது அந்தத் தாளில்தான்.

இதே பாடத்தின் வீடியோக்களை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம், கெடுவே இல்லை என்றிருந்தால் இரண்டாம் வாரத்திலேயே நின்றிருப்பேன். எப்போது வேண்டுமானாலும் என்பதை நம் வீடுகளில் பெண்கள் எப்படிக் கேட்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. "டீச்சருக்குப் புதன்கிழமை பரீட்சை" என்று சொன்னபோதுதான் அன்றைக்கு மட்டும் தோசை மாவை எங்க வீட்டுக்காரர் ஆட்டினார். 12 வாரத்தில் சிறந்த 8 வாரத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். இதை யோசித்து வைத்தவருக்கு ஒரு கும்பிடு. திருவிழா, காய்ச்சல், கல்யாணம் என்று நாலு வாரம் போனாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

தேர்வு ஏப்ரல் கடைசியில், நேரில், மதுரையில். இருவருக்கும் ஒரே நாள், ஒரே மையம். மாட்டுத்தாவணியில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் போனோம். வாசலில் நின்றவர் என்னைப் பார்த்து, "அம்மா, பேரன்ட்ஸ் எல்லாம் வெளியில மரத்தடியில உக்காருங்க" என்றார். ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். மகன் பத்தடி முன்னால் நடந்துகொண்டிருந்தான், யாரோ மாதிரி. மூன்று மணி நேரம், கணினியில், கொள்குறி வினாக்கள். குளிரூட்டிய அறையில் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு எழுதிய ஒரே ஆள் நான்தான்.

முடிவு வந்தது. வாராந்தரக் கேள்விகளுக்கு 25, தேர்வுக்கு 75. எனக்கு 23ம் 39ம், மொத்தம் 62. மகனுக்கு 24ம் 42ம், மொத்தம் 66. ஆமாம், அவன்தான் கூட. கடைசி மூன்று இரவு உட்கார்ந்து படித்தான். 60க்கு மேல் என்பதால் இருவர் சான்றிதழிலும் எலைட் என்ற ஒரே தரம்தான் போட்டிருக்கிறது. நாலு விடையில் ஒன்றைத் தொடும் தேர்வில் எந்த ஊரிலும் இப்படித்தான் ஆகும். நானே பள்ளியில் இப்படித்தான் தேர்வு வைக்கிறேன், அதனால் வாயை மூடிக்கொண்டேன். வயிறு எரிந்தது என்பதை மறைக்கவில்லை.

சேர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. வாரத்துக்கு நாலு மணி நேரம் வேண்டும், என்னைப் போலத் தட்டச்சு தெரியாதவர்களுக்கு ஆறு. போனிலேயே முழுப் பாடத்தையும் முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். வீடியோவுக்குப் போன் போதும், நிரல் எழுதக் கணினி வேண்டும். தமிழில் தேடுகிறவர்கள், என்பிடெல் தன் பாடங்கள் பலவற்றின் உரையைத் தமிழில் பெயர்த்து வைத்திருப்பதால், சேருமுன் உங்கள் பாடத்துக்கு உண்டா என்று பாருங்கள். தேர்வுக் கட்டணத்தை முதல் வாரத்திலேயே கட்டிவிடுங்கள். ஆயிரம் ரூபாய் போய்விடுமே என்ற பயம் என்னைப் பத்தாம் வாரம் வரை இழுத்து வந்தது, அதை மறுக்க மாட்டேன். கேட்பதற்கு ஒரு ஆளையும் முன்பே பிடித்து வையுங்கள். வயதில் சின்னவராக இருந்தால் கூச்சம் நாலு நாளில் போய்விடும்.

பாடத்துக்கு என் மதிப்பெண் நூற்றுக்கு 85. எட்டாம் வகுப்புக்கு நான் திருத்துகிற கையால் போட்டது, ஆகவே இது பெரிய மதிப்பெண். பத்தாம் வாரத்துக்கு மேல் வேகம் கூடி, அடிப்படை இல்லாதவர்களை விட்டுவிட்டு ஓடுகிறது என்பதற்காகத்தான் 15 குறைத்தேன்.

ஜூலையில் தரவு அறிவியல் பாடம் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். மகன் சேரவில்லை, அவனுக்கு வேண்டிய கிரெடிட் வந்துவிட்டது. போன வாரம் மட்டும் விடுதியிலிருந்து போன் பண்ணினான். புராஜெக்டில் ஏதோ சென்சார் அளவுகளாம், நடுவில் ஒன்றிரண்டு எண் மட்டும் வானத்துக்கு ஏறி நிற்கிறதாம். "ஏம்மா, அந்தப் புளியங்கொட்டைக்கு மேல கீழ வெட்டினியே, அது எப்படி?"

சொல்லிக்கொடுத்தேன். ஆனால் புதன்கிழமை ராத்திரி ஒன்பதுக்கு மேல் கூப்பிடாதே என்று சொல்லித்தான் வைத்தேன்.